ரிசீவர் தானாக அணைந்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்

மழை தொடங்கியதிலிருந்து குன்னூர் வீட்டில் சவுண்டைக் கூட்டினாலே 5.1 ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) 'புரொடெக்ட்' (தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை) காட்டி அணைகிறது என்கிறீர்கள். உடனே சர்வீசுக்குத் தூக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றி, பிறகு ஆன் செய்யுங்கள். அப்போதும் அணைந்தால் கோளாறு உள்ளே; பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் பவர் தரும் அவுட்புட் டிரான்சிஸ்டர். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், இன்னும் கெடும்.

அணையாமல் நின்றால் ஒயர்தான் சந்தேகம். விலை குறைந்த ரிசீவர்களில் ஒயர் செருகும் கிளிப் டெர்மினல்கள் நெருக்கமாக இருக்கும். ஒரு செப்பு இழை பிரிந்து பக்கத்துக் கிளிப்பைத் தொட்டாலே ஷார்ட். மலை ஈரத்தில் செம்பு பச்சை பிடித்தும் இருக்கும். அந்த முனையை வெட்டி எறிந்து, புதிதாக 1 செ.மீ. மட்டும் உரித்து, இறுக்கி முறுக்கிச் செருகுங்கள். பிறகு ரிசீவர் பக்கம் கழற்றிய ஒயர் முனைகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள்: 6 ஓம் ஸ்பீக்கர் 5 ஓம் அருகில் காட்ட வேண்டும். 1 ஓமுக்குக் கீழ் என்றால் அந்த ஒயரோ ஸ்பீக்கரோ ஷார்ட்.

ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. சூடேறினாலும் ரிசீவர் அணையும்; குளிருக்காக அதன் மேல் துணி போர்த்தும் பழக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மேலே 10 செ.மீ.யாவது காலியாக இருக்கட்டும்.