பாஸ்கா திரியை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 66. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய கிராமம். மூன்று மா நிலம் இருக்கிறது. ஆனால் ஊரில் என்னைத் தெரிவது உபதேசியார் என்றுதான். 34 வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'உலகின் ஒளி நானே' என்ற யோவான் எட்டாம் அதிகாரத்து வசனத்தை என்னிடம் மனப்பாடமாக ஒப்பிக்காமல் எங்கள் ஊரில் யாரும் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோயில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புதுத் தீ மூட்டி, அதில் பாஸ்கா திரியை ஏற்றி இருட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவோம் இல்லையா, அந்தத் திரியைத் தூக்குகிறவன் நான். திரியைத் துடைத்து வைப்பது, சிலுவை வரைந்து வருஷம் எழுதுவது, ஐந்து சாம்பிராணி மணிகளைத் தயாராக எடுத்து வைப்பது எல்லாம் நானேதான். ஏழெட்டுப் பங்குச் சாமியார்கள் மாறினார்கள், திரி தூக்கும் கை மாறவில்லை. இந்த வருஷம் புதிதாக வந்த சாமியார், என்னிடமே படித்த ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்துவிட்டார். 'ஐயா, நீங்க முன் பெஞ்சுல உட்காருங்க' என்றார். அத்தனை ஜனத்துக்கு முன்னால்.

போன வருஷம் கோயில் வாசற்படியில் லேசாகத் தடுமாறினேன், மெழுகு கையில் கொட்டிவிட்டது, அவ்வளவுதான். படியை எடுத்துக் கட்டியபோதே உயரம் சரியில்லை என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

இந்தச் சாமியார் வந்ததிலிருந்தே எல்லாம் மாறிவிட்டது. பீடத்துக்கு மேல் எல்இடி விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஏறிட்டுப் பார்த்தால் கண் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. புதுப் பாட்டுப் புத்தகம் அச்சடித்தார்கள், எழுத்து எறும்பு மாதிரி. கேட்டால் 'பழைய சைஸ்தான் ஐயா' என்கிறார்கள். இளவட்டங்கள் பக்கத்தில் வந்து நின்றாலும் ஒரு வணக்கம் கிடையாது. இதில் நான்தான் யாரையும் மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன் என்று என் மேலேயே பழி.

ஊராட்சியும் அப்படித்தான். வாய்க்கால் கரையில் தெருவிளக்கு எரிந்தும் எரியாமலும் கிடக்கிறது. தை மாதம் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். வீட்டிலும் நிம்மதியில்லை. மருமகள் நல்ல பெண்தான், ஆனால் தண்ணீர்க் குடத்தை நடையில் வைப்பாள், நான் இடித்துக்கொண்டால் 'அங்கேதானே மாமா எப்பவும் இருக்கு' என்பாள். அப்பாவுக்கும் கடைசி ஏழு வருஷம் பார்வை இல்லாமல் போய்விட்டது, நான்தான் கையைப் பிடித்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் கூட்டிப் போவேன். கோயில் காரியத்தில் ஏதோ தகராறு வந்து அவர் பூசைக்குப் போவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள், எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் தோன்றியது. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது சாமியாரைப் பற்றி.

34 வருஷம் உழைத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவன் திரியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனபோது அடிவயிறு காந்தியது. ஆயருக்கு எழுதலாமா, இல்லை கோயில் பக்கமே போகாமல் இருந்துவிடலாமா? நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உபதேசியார்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. வீரமாமுனிவர் உங்களைப் போன்ற உபதேசியார்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். சாமியார் வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்த காலத்தில், காவிரிக்கரை ஊர்களில் விசுவாசத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் உபதேசியார்கள். அப்படிப்பட்டவரை முந்தைய நாளே தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அதை உங்கள் பங்குச் சாமியார் செய்யவில்லை, அது தப்புதான். அவரிடம் நேரிலேயே சொல்லுங்கள். ஆயர்வரை போகிற விஷயம் இல்லை இது.

இரண்டாம் முறை படித்தபோது, சொல்லியிருக்கிற விஷயத்தை விட்டு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் பக்கம் முத்து முத்தாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் வரிகள் சரிகின்றன, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. பொழுது சாய்ந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு உங்கள் மனக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி வளையம். எறும்பு மாதிரி எழுத்து. எரிந்தும் எரியாத தெருவிளக்கு. நடையில் குடம். பக்கத்தில் நின்றும் வணங்காத இளவட்டங்கள். உயரம் சரியில்லாத படி. ஐயா, சாமியாரும் ஊராட்சியும் மருமகளும் கூடிப் பேசியா உங்கள் உலகத்தை இருட்டாக்கினார்கள்? அந்தப் பிள்ளைகள் வணங்கியிருப்பார்கள், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகச் சொல்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. குடம் விஷயத்தில் நான் உங்கள் மருமகள் பக்கம்.

திரி விஷயத்திலும், மன்னியுங்கள், முழுக்க உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. எரிகிற திரியோடு இருட்டில் படியேறித் தடுமாறி, கையில் மெழுகு கொட்டியதை 'அவ்வளவுதான்' என்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். 'முன் பெஞ்சுல உட்காருங்க' என்ற வார்த்தை உங்கள் காதில் அவமானமாக விழுந்தது. எனக்கு அது, இவர் விழுந்துவிடக் கூடாதே என்ற பயமாகக் கேட்கிறது. உங்கள் கண் மங்குவது உங்கள் ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லாததால் அவர்களும் சொல்லவில்லை.

இனி அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். 'அது கிடக்கட்டும்' என்று எழுதினீர்களே, அதைக் கிடக்க விட முடியாது. அப்பா பூசைக்குப் போகவில்லை, பார்வை போனது. இரண்டையும் ஊர் முடிச்சுப் போட்டது, வாலிபத்தில் நீங்களும் அந்த முடிச்சை ஒப்புக்கொண்டீர்கள். இன்றைக்கு அதே இருட்டு உங்கள் கண்ணோரத்தில் வந்து நிற்கிறது. கோயிலே கதி என்று கிடந்த எனக்கு ஏன், என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதைத் தவிர உங்கள் கடிதத்தில் வேறொன்றும் இல்லை. மனப்பாடம் செய்யவைத்த வசனத்தில் 'என்னைப் பின்தொடர்பவர் இருளில் நடக்கமாட்டார்' என்று வேறு இருக்கிறது. பின்தொடர்ந்தேனே, பிறகு ஏன் இருளில் நடக்கிறேன் என்ற பயத்தில்தான் வைத்தியரிடமும் போகாமல், வீட்டிலும் சொல்லாமல் இருக்கிறீர்கள். கண் போகிறது என்று சொன்னால், பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும் உங்களுக்கு.

நானும் பாஸ்கா இரவில் திரி பிடித்து வளர்ந்தவள்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், எட்டாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வார்த்தை இயேசு யூதர்களின் கூடாரத் திருவிழாவுக்கு எருசலேம் வந்திருந்த சமயத்தைச் சேர்ந்தது. அந்தத் திருவிழா இரவுகளில் கோவில் முற்றத்தில் பெரிய பெரிய விளக்குகளை ஏற்றுவார்கள். பாலைவனத்தில் நெருப்புத் தூண் முன்னால் போக, முன்னோர்கள் பின்னால் நடந்தார்களே, அந்த நினைவெல்லாம் அந்தத் திருவிழாவில் உண்டு. பாஸ்கா புகழுரையில் நீங்களே அந்தத் தூணைப் பற்றிப் பாடக் கேட்டிருக்கிறீர்கள். நெருப்புத் தூண் இருந்ததால் அவர்களுக்கு ராத்திரி வராமல் போகவில்லை. ராத்திரியிலும் அடுத்த அடி எடுத்துவைக்க முடிந்தது. 'பின்தொடர்பவர்' என்ற சொல்லுக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது. கிறிஸ்து ஒளி என்றால், எதிரே உள்ளதெல்லாம் பளிச்சென்று தெரியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. முன்னால் ஒருவர் போகிறார், அவர் பின்னால் நடந்தால் வழி தப்பாது. அதுதான் வாக்கு.

ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சீடர்கள் கேட்கிறார்கள்: 'இவர் செய்த பாவமா? இவர் பெற்றோர் செய்த பாவமா?' கொள்ளிடக் கரையில் உங்கள் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்களே, அட்சரம் பிசகாமல் அதே கேள்வி. இயேசு இரண்டையும் மறுக்கிறார். மறுத்த கையோடு, தாம் உலகின் ஒளி என்று இரண்டாம் முறை சொல்கிறார். யார் முன்னால் சொல்கிறார் என்று பாருங்கள், ஐயா. இன்னும் பார்வை வராத ஒருவர் முன்னால்! ஒளி என்பது கண்ணைப் பொறுத்ததாக இருந்தால், அந்த மனிதர் முன்னால் அப்படிப் பேசுவது கொடுமையல்லவா?

அப்புறம் மண்ணில் உமிழ்ந்து சேறாக்கிக் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். சேறு அப்பிய கண்ணோடு, ஒன்றும் தெரியாமல், கேட்ட குரலை மட்டும் நம்பி அவர் குளம்வரைக்கும் போனார். அவர் வாழ்க்கையிலேயே மிகுந்த வெளிச்சத்தில் நடந்த தூரம் அதுதான் என்பேன் நான். கழுவி எழுந்தபோது இயேசு பக்கத்தில் இல்லை. பார்வை வந்த பிறகு பட்டபாடுதான் அதிகம்: அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட்டார்கள், பெற்றவர்கள் பயந்து 'அவனையே கேளுங்கள்' என்று நழுவினார்கள், கடைசியில் சமயத் தலைவர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இயேசு அவரைக் கண்டுபிடித்துப் பேசுகிறார். அப்போதுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார் அந்த மனிதர். கோயிலோடு சண்டை போட்டு வெளியே இருந்த உங்கள் அப்பாவைத் தேடி யாரும் வரவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

ஏழு வருஷம் தினம் தினம் ஒரு கை வந்ததே. அவர் பாவி என்று உங்கள் மனசு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உங்கள் கை அவர் கையைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டிருந்தது. அன்பு செய்கிறவன் ஒளியில் இருக்கிறான் என்று யோவான் தன் முதல் கடிதத்தில் எழுதுகிறார். இருட்டில் இருந்தது உங்கள் எண்ணம்தான் ஐயா. உங்கள் கை அப்போதே வெளிச்சத்தில் இருந்தது. அந்த எண்ணத்துக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கல்லறைக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்தவரை உங்களுக்குக் கஷ்டமான இடம் வேறொன்று. 34 வருஷம் நீங்கள் கொடுத்த தீயைத்தான் மற்றவர்கள் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரிடம் திரியை நீட்டிப் பற்றவைத்துக்கொள்வதைத் திரும்பிப் பார்த்திருப்பீர்கள், நீட்டியதில்லை. இந்த வருஷம் முதல் முறையாக முன் பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் மாணவன் கொண்டுவந்த தீயை வாங்க வேண்டியிருந்தது. வயிறு காந்தாமல் என்ன செய்யும்? இயேசு பேதுருவிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: இளவயதில் இடுப்பைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதிர்ந்த வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவர் கூட்டிப்போவார். திருச்சபையின் தலைவருக்கே இதுதான் சொல்லப்பட்டது. உங்கள் அப்பா இந்தப் பாடத்தை உங்களுக்கு ஏழு வருஷம் நடந்து காட்டியிருக்கிறார். அந்த ஐந்து சாம்பிராணி மணிகளும் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். காயத்தோடுதான் அந்தத் திரி எரிகிறது. உங்கள் காயத்தை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்? விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் வைப்பதில்லை என்கிறது மத்தேயு. நெல் அளக்கிற ஊர்க்காரர் உங்களுக்கு மரக்கால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். நான் கண் வைத்தியர் இல்லை, என்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கண்புரையாக இருந்தால் அறுவைச் சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் அழுத்த நோய் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வலியில்லாமல், ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வரும். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். அதில் போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அப்பாவுக்குப் பார்வை போன விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண் மங்குவது பரம்பரையாக வரலாம், அதில் யார் பாவமும் இல்லை. உங்கள் பிள்ளைகளும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மறைத்தால் அவர்களுக்கும் தெரியாமல் போகும். அதுவரைக்கும் பொழுது சாய்ந்தபின் சைக்கிள் வேண்டாம்.

கோயிலை விட்டுவிடாதீர்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் அந்தப் பங்கில் இனி யாரும் இல்லை.

இந்தப் பதிலைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீங்களே படிக்க வேண்டாம். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பின்னே, எந்த பஸ்ஸில் தஞ்சாவூர் போவது என்று அவளையே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்