மேற்கோள் எண்ணிக்கையைத் திறந்து பார்ப்போம்: சில கேள்விகள், பதில்கள்

சுற்றுச்சூழல் சுகாதாரம், நோய்த்தடுப்பு ஆகிய துறைகளில் ஆய்வுக் கட்டுரைகளை எங்கே வெளியிடுவது, வெளிவந்தவற்றில் எதை நம்புவது என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் விரிவாகப் பேசியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், புகைமூட்டமும் பிள்ளைகளின் ஆஸ்துமாவும் பற்றிய என் கட்டுரை தயார். கியூ1 இதழில்தான் வர வேண்டும் என்கிறார் சூப்பர்வைசர். சீனியர்கள் வரிசையாகப் போட்ட அந்த எம்டிபிஐ இதழ் இப்போது பட்டியலிலேயே இல்லையாமே? (பிஎச்டி மாணவி, குளுகோர்)

நீங்கள் சொல்வது எம்டிபிஐ பதிப்பகத்தின் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ரிசர்ச் அண்ட் பப்ளிக் ஹெல்த்' இதழை என்று நினைக்கிறேன். 2023 மார்ச்சில் கிளாரிவேட் நிறுவனம் அதைத் தன் வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இதழ்ப் பட்டியலிலிருந்து நீக்கியது, அதோடு அதன் தாக்கக் காரணியும் (கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோளைக் காட்டும் எண்) போனது. இதழின் வரம்புக்குப் பொருந்தாத கட்டுரைகள் சேர்ந்துவிட்டன என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். நீக்கத்துக்கு முன் வந்த கட்டுரைகள் பட்டியலில் அப்படியே இருக்கின்றன, ஆகவே உங்கள் சீனியர்களின் உழைப்பு வீணாகவில்லை. ஸ்கோபஸ் என்பது வேறு நிறுவனத்தின் வேறு பட்டியல், அங்கிருந்து அப்போது அது நீக்கப்படவில்லை. இது ஒரு பதிப்பகத்தோடு முடிந்த கதையும் இல்லை: எல்செவியர் பதிப்பகத்தின் 'கீமோஸ்ஃபியர்' 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது, ஹிந்தாவி பதிப்பகம் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

இப்போது கியூ1, அதாவது ஒரு துறையின் இதழ்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால் வரும் முதல் கால் பங்கு. எந்தக் கியூ1 என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். கிளாரிவேட்டின் தரவரிசை ஒன்று, ஸ்கோபஸ் தரவை வைத்து சிமாகோ போடும் தரவரிசை இன்னொன்று, ஒரே இதழ் ஒன்றில் கியூ1 ஆகவும் மற்றதில் கியூ2 ஆகவும் இருக்கும். அது போதாதென்று, ஒரே தரவரிசைக்குள்ளேயே பொதுச் சுகாதாரப் பிரிவில் ஓர் இடம், சுற்றுச்சூழல் அறிவியல் பிரிவில் வேறு இடம் என்றும் வரும். கட்டுரையை அனுப்பிய நாளில் இருந்த நிலை கணக்கா, வெளிவந்த நாளில் உள்ள நிலை கணக்கா என்பதையும் உங்கள் பட்டமேற்படிப்பு அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அனுப்பும் அன்று வெப் ஆஃப் சயின்ஸின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டையும் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலையும் நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இதழின் சொந்த வலைத்தளத்தில் 'இன்டெக்ஸ்ட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

என் மனசுக்குப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் ஆஸ்துமா பற்றிய கட்டுரையைக் குழந்தை மருத்துவர்களும் சுவாச மருத்துவர்களும் படிக்கும் இதழுக்கு முதலில் அனுப்புங்கள். படிக்க வேண்டியவர் கண்ணில் படாத கியூ1 உங்கள் பட்டத்துக்கு உதவும், அந்தப் பிள்ளைகளுக்கு உதவாது.

கேள்வி: "மதிப்பிற்குரிய பேராசிரியரே, ஏழு நாளில் வெளியிடுகிறோம்" என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. நான் இன்னும் முதுகலைகூட முடிக்கவில்லை. (மாணவர், செந்தூல்)

அழித்துவிடுங்கள், தம்பி. இரண்டு பேர் ஒழுங்காகப் படித்துக் கருத்து எழுத ஏழு நாள் போதாது.

கேள்வி: என் மாமியார் வாட்ஸ்அப்பில் வந்த தடுப்பூசிச் செய்தியைக் காட்டி, "இது லான்செட்டிலேயே வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் பார்" என்கிறார். கிளினிக்கில் தாய்மார்களும் இதையே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (தாதி, கெப்போங்)

அது 1998-இல் வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரையாகத்தான் இருக்கும். வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. லான்செட் மருத்துவ இதழ் அதை 2010-இல் முழுவதுமாகத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டனில் வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் ரத்தானது. மேற்கோள்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதை மறுக்கவும், தவறான ஆய்வுக்கு உதாரணம் காட்டவும் எழுதப்பட்டவை. மேற்கோள் கணக்கு வைக்கும் கணினிக்குப் பாராட்டும் கண்டனமும் ஒன்றுதான், இரண்டையும் ஒன்று ஒன்று என்றே கூட்டும். மாமியாரிடம் கோபப்படாமல் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், பல பேருக்கு இதுவரை யாரும் சொன்னதே இல்லை.

இதழின் தாக்கக் காரணியும் தனிக் கட்டுரைக்குச் சான்று இல்லை. 2024-க்கான எண் எப்படி வருகிறது என்றால், 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வு, மீளாய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஆசிரியர் கடிதம், தலையங்கம் போன்றவற்றுக்கு வரும் மேற்கோள் மேலே சேரும், அவற்றின் எண்ணிக்கை கீழே சேராது. ஒரு சில கட்டுரைகளே மொத்தத்தையும் தூக்கி நிறுத்திவிடும். கோவிட் காலத்தில் லான்செட்டின் எண் 2021-க்கு 202.7 வரை ஏறி, அடுத்த ஆண்டே 168.9-க்கு இறங்கியது. ஒரே ஆண்டில் இதழின் தரம் அப்படி இறங்கிவிடவில்லை, கோவிட் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள் வெள்ளம் வடியத் தொடங்கியது.

உங்களிடம் யாராவது ஒரு கட்டுரையைக் காட்டினால் அதன் தலைப்பைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் போடுங்கள், திரும்பப் பெறப்பட்டிருந்தால் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை தெரியும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளமும் இருக்கிறது, 2023-இல் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கிளினிக்கில் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: காற்று மாசும் சுகாதாரமும் பற்றிய ஆய்வுப் போக்குகளை விஓஎஸ்வியூவரில் படம் போட்டுக் கட்டுரையாக்கலாம் என்று இருக்கிறேன். போதுமா? இப்போது எந்தத் தலைப்புகள் முன்னால் நிற்கின்றன? (முதுகலை மாணவர், பந்தாய் டாலாம்)

படம் மட்டும் போதாது. விஓஎஸ்வியூவர், கட்டுரைகளின் மேற்கோள், சொல் தொடர்புகளைப் படமாக வரையும் நல்ல கருவி, லைடன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, இலவசம். வண்ண வண்ண வட்டங்களும் கோடுகளும் அழகாக வந்துவிடும், ஆனால் நீங்கள் எதைத் தேடிக் கொடுத்தீர்களோ அதைத்தான் அது வரைகிறது. நம் ஊர்ப் புகைமூட்டத்தைத் தேட 'ஹேஸ்' என்று மட்டும் தட்டினால், கண் அறுவை சிகிச்சைக்குப் பின் கருவிழியில் வரும் மங்கல் பற்றிய கட்டுரைகளும் சேர்ந்து வந்து நிற்கும். 'ஜெரெபு' என்று மலாயில் எழுதியவை விடுபடும். 'பயோமாஸ் பர்னிங்' (காடு, பயிர்க்கழிவு எரிதல்) என்று மட்டும் எழுதிய நல்ல ஆய்வுகளும் விடுபடும். 'பி.எம். 2.5', 'ஃபைன் பார்ட்டிகல்ஸ்' என்று காற்றிலுள்ள நுண்துகள் என்ற ஒரே பொருளுக்கு உள்ள பெயர்களை நீங்கள் கையால் சேர்க்காவிட்டால் படத்தில் அவை தனித்தனி வட்டங்களாகப் பிரிந்து, இல்லாத ஒரு போக்கைக் காட்டும். ஆகவே தேடலைத் துறை நூலகரோடு உட்கார்ந்து அமையுங்கள். அதன் பிறகு படத்தில் தெரியும் ஒவ்வொரு கட்டுரைத் தொகுதியிலிருந்தும் சில கட்டுரைகளையாவது முழுசாகப் படியுங்கள். படிக்காமல் எழுதும் போக்குக் கட்டுரைகள் ஏற்கெனவே மலிந்து கிடக்கின்றன.

போக்குகள் என்று கேட்டால், காற்று மாசில் எல்லாச் சாலையும் போய்ச் சேரும் இடம் 1993-இல் வந்த அமெரிக்க ஆறு நகர ஆய்வு. சுமார் 8,000 பெரியவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நுண்துகள் கூடிய நகரத்தில் இறப்பும் கூடுதல் என்று காட்டியது. அந்த ஒரு வரிசையில் பிறகு வந்த ஆய்வுகள் குவிந்ததால்தான் உலகச் சுகாதார நிறுவனம் பி.எம். 2.5-க்கான ஆண்டு வரம்பை 2005-இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்ததை 2021-இல் 5 ஆக இறக்கியது. மலேசியாவின் 2020 தரநிலை 15. மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஒரு வரம்பாக மாறி, அந்த வரம்பு ஒரு நாட்டின் தரநிலையைத் தட்டி எழுப்பும் பாதை இதில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் கட்டுரையில் இந்தப் பாதையைப் பின்தொடர்ந்தால் வெறும் படத்தைவிட எவ்வளவோ மேல்.

இப்போது வேகமாக ஏறுவது நுண்நெகிழி, அதாவது மைக்ரோபிளாஸ்டிக். 2004-இல் கடல் ஆய்வில் தொடங்கியது, 2022-இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைப் பார்த்து 17 பேரிடம் நெகிழித் துகள் இருப்பதாகச் சொன்னார்கள், 2024-இல் இத்தாலியில் கழுத்துத் தமனிப் படிவுகளில் அது இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை அதிகம் என்று வந்தது. அது தொடர்பைத்தான் காட்டியது, அதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை, அதை மேற்கோள் காட்டுபவர்களில் எத்தனை பேர் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள், வெப்பத் தாக்கம், 2005-இல் கிறிஸ்டோபர் வைல்ட் முன்வைத்த 'எக்ஸ்போசோம்' (ஒருவர் வாழ்நாள் முழுக்க எதிர்கொள்ளும் சுற்றுச்சூழல் தாக்கங்களின் மொத்தம்) ஆகியவையும் முன்னால் நிற்கின்றன.

இன்னொரு போக்கு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதை எடுத்து, ஒரே ஒரு காரணியையும் ஒரே ஒரு நோயையும் இணைத்து அச்சில் வார்த்ததுபோல எழுதும் கட்டுரைகளை ஆராய்ந்து 2025-இல் பிளாஸ் பயாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2014 முதல் 2021 வரை ஆண்டுக்குச் சராசரி 4 என்று இருந்தவை 2024-இல் அக்டோபர் தொடக்கத்துக்குள்ளேயே 190. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து 'வளரும் துறை' என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கோபஸில் என் பெயர் மூன்று இடத்தில் தனித்தனியாக இருக்கிறது, மேற்கோள்களும் சிதறிக் கிடக்கின்றன. (ஆய்வு உதவியாளர், பிறை)

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இருப்பதெல்லாம் நம் பெயரும் அப்பா பெயரும்தான். ஒரு கட்டுரையில் ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு, அடுத்ததில் முன்னெழுத்து மட்டும் போட்டு, மூன்றாவதில் அப்பா பெயரை முழுசாக எழுதினால், கணினிக்கு அது மூன்று ஆள். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி இரண்டையும் விட்டுவிட்டு ஒரே வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் இலவசம், இன்றே பதிந்து எல்லாக் கட்டுரையிலும் கொடுங்கள். பழையவற்றை இணைக்க ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: தோட்டப்புற மக்களின் நீரிழிவு, கிணற்றுத் தண்ணீர் என்று உள்ளூர் ஆய்வுகளையே செய்கிறேன். யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, பதவி உயர்வில் அடிபடுகிறது. தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா? (விரிவுரையாளர், பினாங்கு)

மாற்ற வேண்டாம். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: மேற்கோள் குறைவது ஆய்வு உள்ளூர் என்பதாலா, இல்லை எழுதிய விதம் உள்ளூரோடு நின்றுவிட்டதாலா? பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய 1998-99 நிப்பா தொற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவி, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைக்கப்பட்டு, கொசுவுக்குப் புகையடித்துக் கொண்டிருந்த நேரத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அதைப் புதிய வைரஸ் என்று கண்டார். 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதைவிட உள்ளூர் ஆய்வு என்ன இருக்கிறது? 2000-இல் சயின்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையை, வங்காளதேசத்திலும் 2018-இல் கேரளாவிலும் நிப்பா வந்தபோது எழுதியவர்கள் தேடிப் போனார்கள். காரணம், பன்றிப் பண்ணையில் நடந்ததோடு நிற்காமல், எந்த ஊர் மருத்துவரும் பயன்படுத்தக்கூடிய அறிவாக அது எழுதப்பட்டிருந்தது. மருத்துவ ஆய்வுக் கழகம் (ஐஎம்ஆர்) வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை நம் அடுக்குமாடிப் பகுதிகளில் விட்டு, டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று 2019-இல் கரன்ட் பயாலஜியில் எழுதியதும் இதே வகைதான்.

அதனால் உங்கள் தண்ணீர் ஆய்வில் அந்தத் தோட்டத்தின் பெயரோடு, இலங்கையிலோ அசாமிலோ உள்ள தோட்டப்புற ஆய்வாளரும் அதே முறையைப் பின்பற்றும் அளவுக்கு அளவீட்டு முறையை விரிவாக எழுதுங்கள். தலைப்பில் மாவட்டத்தின் பெயரை மட்டும் நிறுத்தாமல் கேள்வியையும் வையுங்கள்.

பதவி உயர்வு விஷயத்தில், மொத்த மேற்கோளையும் எச்-இன்டெக்ஸையும் (அது 10 என்றால், குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 10 என்று பொருள்) மட்டும் கொடுக்காதீர்கள். உலக நோய்ச் சுமை ஆய்வில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களில் ஒருவராக இருப்பவரின் எண்ணோடு, தனியாகத் தோட்டம் தோட்டமாக நடந்தவரின் எண்ணை வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை. துறை சார்ந்து சரிசெய்த மேற்கோள் மதிப்பைக் கொடுங்கள், அதில் 1 என்றால் உலகச் சராசரி. பக்கத்திலேயே சுகாதார அமைச்சோ மாவட்டச் சுகாதார அலுவலகமோ உங்கள் ஆய்வைப் பயன்படுத்திய கடிதம், வழிகாட்டி, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் இணையுங்கள். தேசிய உடல்நல, நோய் ஆய்வு அறிக்கை ஸ்கோபஸில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக உட்காராது. ஆனால் பெரியவர்களிடையே நீரிழிவு 2019-இல் 18.3 விழுக்காடு, 2023-இல் 15.6 விழுக்காடு என்ற எண்களை வைத்துத்தான் நாடே பேசுகிறது. உங்கள் பல்கலைக்கழகம், ஆய்வை மதிப்பிடும் முறை பற்றிய டோரா பிரகடனத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்பதுதான் அதன் மையம், கையெழுத்திட்டிருந்தால் விண்ணப்பத்தில் அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: வெளியீட்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்கிறார்கள். எங்களிடம் கிராண்ட் இல்லை. (சுகாதாரப் பரிசோதகர், பட்டர்வொர்த்)

மலேசியா உயர் நடுத்தர வருமான நாடு என்பதால், ஏழை நாடுகளுக்கு முழுக் கட்டண விலக்கு தரும் பட்டியல்களில் பொதுவாக நாம் வருவதில்லை. ஆனால் ஆசிரியரிடம் கட்டணமே வாங்காத நல்ல இதழ்கள் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' ஒன்று. அதன் மேற்கு பசிபிக் வட்டார அலுவலகம் நடத்தும் 'வெஸ்டர்ன் பசிபிக் சர்வெய்லன்ஸ் அண்ட் ரெஸ்பான்ஸ்' இன்னொன்று, மலேசியா அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, களத்தில் தொற்றைத் துரத்திய உங்களைப் போன்றவர்கள் எழுதுவதற்கென்றே உள்ள இதழ் அது. நாட்பட்ட நோய்த்தடுப்பு என்றால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 'பிரிவென்டிங் குரோனிக் டிசீஸ்'. எதற்கு அனுப்பினாலும் இதழின் கட்டணப் பக்கத்தை அன்றே ஒருமுறை படித்துவிடுங்கள், விதிகள் மாறும். திறந்த அணுகல் இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் கட்டணமில்லாத இதழ்களை மட்டும் வடிகட்டித் தேடவும் வசதி உண்டு. உங்கள் கட்டுரைச் சுருக்கத்தை அங்குள்ள இரண்டு மூன்று இதழ்களின் அண்மைக் கட்டுரைகளோடு வைத்துப் பார்த்தால் எது பொருந்தும் என்று அரை நாளில் தெரிந்துவிடும்.