நிரந்தரப் பல்லா, கழற்றாத பல்லா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எல்லாப் பல்லும் போன பிறகு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ) வைத்துக் கட்டும் முழு வரிசைப் பல். ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் இதை 'நிரந்தரப் பல்' என்று போடுகிறார்கள். நான் நோயாளிகளிடம் 'கழற்றாத பல்' என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒன்றில்லை.

அப்பாவுக்கு 67 வயது. ஆறு பல்தான் மிச்சம், அதுவும் ஆடுகிறது. 'நான்கே இம்பிளான்ட், ஒரே நாளில் நிரந்தரப் பல்' என்று விளம்பரம் பார்த்தோம். நான்கு ஸ்க்ரூ பன்னிரண்டு பல்லைத் தாங்குமா?
வாசகி, கும்பகோணம்

தாங்கும். 1990களில் லிஸ்பனில் பாலோ மாலோ என்ற பல் மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. கடைவாய்ப் பல் போய் வருடக்கணக்கானால் அந்த இடத்து எலும்பு கரைந்துவிடும். மேல் தாடையில் சைனஸ் அறை கீழே இறங்கி நிற்கும். கீழ்த் தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடும். அங்கே நேராக இம்பிளான்ட் இறக்க இடமிருக்காது. அதனால் முன்பக்கம் இரண்டை நேராகவும், பின்பக்கம் இரண்டை 45 டிகிரி வரை சாய்த்தும் வைக்கிறோம். சாய்த்து வைக்கும்போது நீளமான இம்பிளான்ட் போடலாம், சைனஸையும் நரம்பையும் தொடவேண்டியதில்லை, அதன் தலையும் இன்னும் பின்னால் வந்து பின்பல்லுக்குத் தாங்கலாகிறது. எலும்பு ரொம்ப மென்மையாக இருந்தால், முக்கியமாக மேல் தாடையில், ஐந்தோ ஆறோ வைப்பதும் உண்டு. நான்கு என்பது வேதவாக்கு இல்லை.

'ஒரே நாளில்' என்பது பாதி உண்மை. அன்றைக்கோ இரண்டு மூன்று நாளிலோ மாட்டுவது அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிக வரிசை. அதுவும் இம்பிளான்ட்டை முறுக்கும்போது ரெஞ்ச் சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கமாவது காட்டினால்தான் மாட்டுவோம். காட்டாவிட்டால் சில மாதம் கழற்றி மாட்டும் செட்டோடு காத்திருக்க வேண்டும், இதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

முதல் நாள் இருப்பது சுவரில் ஆணி இறுகி நிற்பது மாதிரியான பிடிப்பு. எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நடுவில், மூன்று நான்கு வாரத்தில், பழைய பிடிப்பு தளர்ந்து புதிய பிடிப்பு இன்னும் வராத ஒரு கட்டம் உண்டு. வலி போயிருக்கும், தைரியம் வந்திருக்கும், வீட்டில் யாராவது கறி செய்திருப்பார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மாதமாவது இட்லி, குழைந்த சாதம், வெந்த காய் என்று ஓட்டட்டும். எல்லாம் ஒட்டிய பிறகுதான் இறுதிப் பல். விளம்பரத்தில் சொல்லும் 'நிரந்தரம்' அங்கிருந்துதான் ஆரம்பம்.

அம்மாவுக்கு (74) மேல் செட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, கீழ் செட்டு மிதக்கிறது. லட்சங்கள் செலவழித்து இரண்டையும் கழற்றாத பல்லாக மாற்றத்தான் வேண்டுமா?
வாசகர், விருதுநகர்

வேண்டாம். மேல் செட்டு அண்ணம் முழுக்கப் படிந்து உறிஞ்சிப் பிடிக்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பரப்பும் இல்லை, நாக்கு வேறு சும்மா இருக்காது. என்னிடம் வரும் ஒரு பெரியவர் கீழ் செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு மாட்டுவார், பந்தியில் உட்கார்ந்ததும் திரும்பப் பைக்குள் போய்விடும்!

இவர்களுக்கு முன்பக்கம் இரண்டே இரண்டு இம்பிளான்ட் போதும். செட்டின் அடியில் டிச் பட்டன் மாதிரி ஒரு பிடி வைத்தால் 'டிக்' என்று உட்காரும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இதையே முதல் தேர்வாக வைக்கச் சொன்னார்கள். இரவில் கழற்றிக் கழுவலாம். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை. கை நடுங்குகிறவர்களுக்கும் இன்னொருவர் உதவியில் இருப்பவர்களுக்கும் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிற பல்தான் நல்லது என்பேன், பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றாலும்கூட.

சர்க்கரை பதினைந்து வருடமாக இருக்கிறது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 9.2. செய்யலாமா?
வாசகர், சேலம்

இப்போது வேண்டாம். 7 பக்கம் கொண்டு வந்துவிட்டு வாருங்கள். சர்க்கரை இருப்பது தடையில்லை, கட்டுக்குள் இல்லாததுதான் தடை. பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விட்டுவிட்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள், அதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். பல் மருத்துவர் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
வாசகி, கோவை

அவசியம், பல் பிடுங்குவதற்கு முன்பே. ஸோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசிகளும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் எலும்பு கரைவதைத் தடுக்கும். ஆனால் தாடையில் காயம் பட்டால் சிலருக்கு ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் அளவில் இது அரிது. புற்றுநோய்க்காக அடிக்கடி ஊசி போடுகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். 'எலும்புக்கு ஏதோ ஊசி' என்று சொன்னால் எங்களால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

வயது 48. ஈறு நோயில் சில பல் போய்விட்டது, இன்னும் 19 இருக்கிறது. 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொத்தமாகக் கட்டிக்கொள்ளுங்கள், தொல்லை விட்டது' என்கிறார் ஒரு மருத்துவர்.
வாசகர், தஞ்சாவூர்

உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவசரப்படாதீர்கள் என்று சொல்ல எக்ஸ்ரே தேவையில்லை. சோற்றில் ஒரு சிறு கல் இருந்தால் கடிப்பதற்குள் தெரிந்துவிடுகிறது அல்லவா? வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நார்ப்படலம் செய்கிற வேலை அது. இம்பிளான்ட்டுக்கு அந்தப் படலம் கிடையாது, எலும்போடு நேராக ஒட்டியிருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் கட்டிய பல் உடைகிறது, பல் வரிசையை இம்பிளான்ட்டோடு பிணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்கிறது.

அப்புறம், எந்த ஈறு நோய் பல்லை வாங்கியதோ அதே மாதிரி நோய் இம்பிளான்ட்டைச் சுற்றியும் வரும். ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். தொல்லை விடாது, இடம் மாறும். ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் ஒவ்வொரு பல்லாகக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பல் தேறினால்கூட, பத்து வருடத்துக்கு உங்கள் சொந்தப் பல்லில் சாப்பிடலாம். 48 வயதில் அது பெரிய விஷயம்.

ஒரு இடத்தில் சொன்ன தொகையில் பாதிக்கு இன்னொரு இடத்தில் செய்கிறார்கள். யாரை நம்புவது?
வாசகர், மதுரை

தொகையை ஒப்பிடும் முன் அதற்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே), பல் பிடுங்குவது, தற்காலிக வரிசை, இறுதி வரிசை, முதல் வருடப் பழுது. பல இடங்களில் 'பாதி விலை' என்பது தற்காலிக அக்ரிலிக்கோடு நின்றுவிடும் விலை. இறுதி வரிசை எதில் என்றும் கேளுங்கள். டைட்டானியக் கம்பிமேல் அக்ரிலிக் என்றால் தேயும், ஒரு பல் பெயரும், ஆனால் சுலபமாகச் சரிசெய்யலாம். ஸிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகை கறை பிடிக்காது, தேயாது, ஆனால் விரிசல் விட்டால் பெரும்பாலும் மொத்த வரிசையையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். மேலும் கீழும் அதுவே என்றால் சாப்பிடும்போது பீங்கான் தட்டு மோதுகிற மாதிரி சத்தம் கேட்கும், சிலருக்கு அது பிடிக்காது.

ஒவ்வொரு இம்பிளான்ட் டப்பாவிலும் கம்பெனி, அளவு, லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். வேறு ஊரில் கட்டிக்கொண்ட ஒருவர் என்னிடம் தளர்ந்த ஸ்க்ரூவோடு வந்தார். அது என்ன கம்பெனி என்று அவருக்கும் தெரியாது, கட்டிய இடத்திலும் பதிவில்லை. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவின் தலையும் ஒவ்வொரு மாதிரி. எக்ஸ்ரேயை வைத்து ஊகித்து, சரியான டிரைவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று வாரம் போயிற்று. ஸ்க்ரூவை இறுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை.

முறுக்கு சாப்பிடலாமா? எவ்வளவு வருடம் வரும்?
வாசகர், திருநெல்வேலி

இறுதிப் பல் வந்த பிறகு முறுக்கு, அப்பளம் தாராளமாக. கரும்பு, நல்லி எலும்பு, சோடா மூடி வேண்டாம். வருடத்தைப் பொறுத்தவரை, டைட்டானியம் எலும்போடு ஒட்டுவதைக் கண்டுபிடித்த ஸ்வீடன் மருத்துவர் பெர் இங்வார் பிரானெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்த இம்பிளான்ட்கள், 2006இல் அந்த நோயாளி இறக்கும்வரை வேலை செய்தன. உடனே நாற்பது வருடம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். எலும்புக்குள் இருப்பது வேறு, அதன்மேல் இருக்கும் பல் வேறு. மேலே இருப்பது தேயும், நடுவில் மாற்ற வேண்டி வரும்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?
வாசகி, ஈரோடு

எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தாடைப் பக்கம் படம் கொஞ்சம் மங்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காந்தப் பிடி வைத்த கழற்றும் செட்டு என்றால் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

கட்டி இரண்டு வருடம் ஆகிறது. வலியில்லை. ஆனால் வாய் நாற்றம் என்று மனைவி சொல்கிறாள், ஒரு இடத்தில் தேய்த்தால் ரத்தம் வருகிறது.
வாசகர், திண்டுக்கல்

மனைவி சொல்வதை நம்புங்கள். வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும், சாப்பாடு தங்குவது அங்கேதான். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. நுனி விறைப்பாகவும் நடு பஞ்சு மாதிரியும் இருக்கும் ஃப்ளாஸ் நூலை அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து, ஒவ்வொரு இம்பிளான்ட்டையும் சுற்றித் துடைக்க வேண்டும். வெளியே வரும் நூலை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் அப்புறம் யாரும் சொல்லத் தேவையிருக்காது. தண்ணீர் பீய்ச்சும் கருவி துணைக்கு நல்லது, நூலுக்கு மாற்று இல்லை.

ஆனால் ரத்தம் வருவதை வீட்டில் சரிசெய்ய முடியாது. இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு வீங்கியிருக்கிறது, கீழே எலும்பும் கரைய ஆரம்பித்திருக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, ஆடத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். இந்த வாரமே போங்கள். வரிசையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல்லில் ஸ்க்ரூ இறங்கும் ஓட்டையை அடைத்த பூச்சை எடுத்தால், அதனடியில் குழாய்க்காரர் சுற்றுகிற மாதிரி வெள்ளை டேப் இருக்கும், அதையும் எடுத்தால் ஸ்க்ரூ கிடைத்துவிடும். உங்களால் கழற்ற முடியாது, எங்களால் முடியும். போகும்போது கட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டு போங்கள், எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும்.