நாம் தோற்ற ஞாயிறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2019-ல் மெல்பர்ன் வந்தேன். டார்னீட்டில் வீடு. மேற்குப் பக்கம் வந்துவிட்டோம், மேற்கின் அணியையே பிடித்துக்கொள்வோம் என்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் ஆடும் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் ரசிகன் ஆனேன். நீங்களும் அதே கட்சி என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, 2025 ஆகஸ்ட் 24, மகளோடு மார்வெல் ஸ்டேடியத்தில் இருந்தேன். ஜெயித்தால் ஃபைனல்ஸ், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள், என்ற நிலையில் வந்த கடைசி ஆட்டத்தில் ஃப்ரீமேண்டிலிடம் 15 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். 14 ஆட்டம் ஜெயித்து, சதவீதம் 130-க்கு மேல் வைத்திருந்தும் ஒன்பதாம் இடம். எட்டு அணிக்குத்தான் ஃபைனல்ஸ் என்ற விதி அநியாயம் இல்லையா? பெவரிட்ஜ் 2015-லிருந்து பயிற்சியாளராக இருக்கிறார். போதும் என்று தோன்றுகிறது. அவர்களிடம் எல்லாத் திறமையும் இருக்கிறது, மனசுதான் இல்லை. 1925-ல் லீக்கில் சேர்ந்த அணி, நூறு வருடத்தில் இரண்டே கோப்பை, 1954, 2016. 2016-ல் நாம் ஏழாம் இடத்திலிருந்து வந்து கோப்பையைத் தூக்கினோமே, அந்த வெறி இவர்களிடம் எங்கே போனது?

மகளுக்கு எட்டு வயது. வகுப்பில் கேலி செய்கிறார்களாம். ஹாத்தார்ன் அணிக்கு மாறிவிடுகிறேன் என்கிறாள். விடலாமா? உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் விட்டுப்போய்விட்டது.

ஆர்., டார்னீட்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்து சதர்ன் கிராஸ் ஸ்டேஷனுக்குப் போகும் பாலத்தில் கூட்டத்தோடு நடந்தேன். ஊதாத் துண்டு போட்ட ஃப்ரீமேண்டில்காரர்கள் பாடிக்கொண்டே போனார்கள். நம் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சிவப்பு வெள்ளை நீலக் கொடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனான். யாரும் அதைத் திருத்தவில்லை. அன்றிலிருந்தே எதையாவது எழுத வேண்டும் என்று இருந்தது. நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

எட்டு அணி விதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போன வருடமும் நமக்கு இதே 14 வெற்றி, இதே 9 தோல்வி. அப்போது ஆறாம் இடம். முதல் ஃபைனலிலேயே ஹாத்தார்னிடம் 37 புள்ளியில் தோற்று வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு யாரும் விதி அநியாயம் என்று எனக்குக் கடிதம் எழுதவில்லை. இந்த வருடம் நம்மைவிட அதிக ஆட்டம் ஜெயித்தவர்கள் எட்டுப் பேர் முன்னால் நிற்கிறார்கள். எட்டுப் பேருக்குப் பின்னால் நிற்பவன் ஒன்பதாவது. சதவீதம் என்பது நாம் எடுத்த புள்ளியை, கொடுத்த புள்ளியால் வகுத்து நூறால் பெருக்குவது. பட்டியலின் அடியில் கிடந்த அணிகளைத் துவைத்து எடுத்ததில் சேர்ந்தது அது. மேலே இருந்தவர்களிடம் நாம் போதுமான அளவு ஜெயிக்கவில்லை. பெவரிட்ஜ் இருக்கலாமா போகலாமா என்பதைத் தோற்ற வாரத்தில் பேசவே கூடாது என்பது என் கட்சி. அதை விடுங்கள்.

என்னைக் குத்தியது வேறு. உங்கள் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்துப் பாருங்கள். போன வாரம் நீங்கள் நேரில் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்த ஆட்டத்தில் ‘தோற்றார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அவர்களிடம்’ மனசு இல்லை என்கிறீர்கள். நீங்கள் இந்த நாட்டில் காலே வைக்காத 2016-ல் மட்டும் ‘நாம்’ கோப்பையைத் தூக்கினோம்!

வராத வருடத்தின் வெற்றியில் பங்கு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தோஷம்தான். 1954-ஐயும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வெற்றியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், புதுத் தோல்வி வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. ‘நாங்கள்’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவன் வெளியே நிற்கிறான். ‘நாம்’ என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வி’. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான். ஆனால் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குக் காட்டியவர் தமிழே தெரியாத ஒரு அம்மா.

2008-ல் வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரேயில், பார்க்லி ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். இன்றைக்கு அந்தத் தெருவில் தோசைக்கும் பிரியாணிக்கும் வரிசையாகக் கடைகள். அன்று அவ்வளவு இல்லை. புல்டாக்ஸின் விட்டன் ஓவல் மைதானம் நடந்து போகும் தூரம். பக்கத்து வீட்டில் அந்த அம்மா தனியாக இருந்தார். வயது எழுபது. எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த செப்டம்பரில் கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் ஜீலாங்கிடம் புல்டாக்ஸ் தோற்றது. மறுநாள் அவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மரியாதைக்கு நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று வேலிக்கு மேலே எட்டி, “உங்கள் டீம் தோற்றுவிட்டதாமே” என்றேன்.

அவர் ஹோஸைக் கீழே போட்டார். “என்னுடைய டீமா? நீ எந்தத் தெருவில் குடியிருக்கிறாய், லவ்?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் உள்ளே போய் ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்து வேலிக்கு மேலே நீட்டினார். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. மூடியில் கத்தியால் கீறிய நீள ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உள்பக்கமாக மடங்கி, காசு உள்ளே போகும், வெளியே வராது என்கிற மாதிரி இருந்தது. அந்த விளிம்பில் விரலை வெட்டிக்கொண்ட தழும்பையும் காட்டினார். 1989 அக்டோபரில் அந்த டின்னோடு ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறார்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் ‘மனசு இல்லை’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். அப்போது கிளப்பின் பெயர் ஃபுட்ஸ்க்ரே. கழுத்து வரை கடன். லீக் அதை ஃபிட்ஸ்ராயோடு சேர்த்து ‘ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்’ என்று ஒரே அணியாக்கிவிடுவதாக அறிவித்தது. ரசிகர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னால் நின்றார். தொழிற்சாலை வேலையை நம்பிப் பிழைத்த ஊர், பணக்கார ஊர் இல்லை. அந்த ஊர் சில வாரங்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி கிளப்பை மீட்டது. ஃபிட்ஸ்ராயால் அப்படி நீடிக்க முடியவில்லை. 1996 முடிந்ததும் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது.

நான் அந்த அம்மாவிடம் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன். அந்த வருடம் எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள் என்று. அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்றார். பின்னால் நான் தேடிப் பார்த்தேன். பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த அணி அது. ஆர்., அதற்காகத்தான் மழையில் டின்னைக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாம் இடத்தில் வந்ததற்கு நீங்கள் ‘அவர்கள்’ என்கிறீர்கள்.

2009-லும் அதே கட்டத்தில் தோற்றோம், செயின்ட் கில்டாவிடம், 7 புள்ளியில். ஒரு கோல் 6 புள்ளி, நடுக் கம்பங்களுக்கு வெளியே, ஓரத்துக் கம்பத்துக்கு உள்ளே போனால் 1 புள்ளி. ஏழு என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவு வேலிக்கு எட்டி நான் பேசியபோது, நானே அறியாமல் ‘வி’ என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. 2010-லும் அதே செயின்ட் கில்டா, அதே கதை.

இப்போது உங்கள் 2016-க்கு வருகிறேன். மூன்றாவது சுற்றில் கேப்டன் பாப் மர்ஃபிக்கு முழங்கால் போனது. வருடம் முடிந்தது. ஜூலையில் ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸ் கால் முறிந்தது, ஜாக் ரெட்பாத் முழங்கால் போனது. 22 ஆட்டத்தில் 15 ஜெயித்து ஏழாம் இடம். அதுவரை ஏழாம் இடத்திலிருந்து யாரும் கோப்பை வாங்கியது கிடையாது. பெர்த்துக்குப் போய் வெஸ்ட் கோஸ்டை அடித்தோம். மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியிருந்த ஹாத்தார்னை வீட்டுக்கு அனுப்பினோம். அப்புறம் சிட்னியில் ஜயன்ட்ஸை ஒரே ஒரு கோல் அளவு, 6 புள்ளியில். 1961-க்குப் பிறகு முதல் முறையாக இறுதி ஆட்டம், சிட்னி ஸ்வான்ஸோடு.

அக்டோபர் 1. அந்த அம்மாவின் வீட்டில்தான் பார்த்தேன். மூன்று பகுதி வரை நாற்காலியில் இருந்தார். கடைசிப் பகுதி தொடங்கியதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே வட்டமாகச் சுற்றும் துணிக்கொடி. காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, மறுபடி உதறி, மறுபடி அதே கொடியில் கிளிப் போட்டார். கொசுவலைக் கதவு வழியாக டிவிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. சிட்னியின் ஃப்ராங்க்ளினை டேல் மோரிஸ் பிடித்து வீழ்த்தினார். முதுகெலும்பில் முறிவோடுதான் மோரிஸ் ஆடினார் என்பது பிறகு தெரிந்தது. நழுவிய பந்தை டாம் பாய்ட் எடுத்து எங்கிருந்தோ உதைத்தார். பந்து விழுந்தது, குதித்தது, எந்தப் பக்கம் திரும்புமோ என்றிருந்தது, உருண்டு உள்ளே போனது. கூட்டம் கத்திய கத்தலில் வர்ணனை ஒன்றும் புரியவில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து, கையில் ஒரு தலையணை உறையோடு, அவர் கேட்டார்: “போட்டோமா?”

“போட்டோம்” என்றேன்.

‘போட்டோம்’ என்ற வினையில் நாமும் நாங்களும் தெரியாது, இரண்டுக்கும் விகுதி ஒன்றுதான். ஆனால் எனக்குத் தெரியும். எட்டு வருடத் தோல்வியில் எனக்குப் பங்கு கொடுத்தவர் அவர். 22 புள்ளியில் ஜெயித்தோம். 1954-ல் பதினாறு வயதில் மெல்பர்ன் எம்.சி.ஜி. மைதானத்தில் நின்று பார்த்தவர், 62 வருடம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பரிசளிப்பில் பெவரிட்ஜ், நீங்கள் போகச் சொல்கிற அதே பெவரிட்ஜ், தன் பதக்கத்தைக் கழற்றி, அந்த வருடம் மூன்றே ஆட்டம் ஆடிய மர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். அது ‘நாம்’ என்று சொல்லத் தெரிந்தவரின் வேலை.

மறுநாள் விட்டன் ஓவலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்த அம்மா பையில் டின்னைக் கொண்டுவந்திருந்தார். வெளியே எடுக்கவில்லை. அவ்வப்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறு இரவு ஃபோன் செய்தேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோதே தூங்கிப்போயிருக்கிறார். ஹலோகூடச் சொல்லவில்லை, நாம் என்ன ஆனோம் என்று கேட்டார். 15-ல் தோற்றோம் என்றேன். “சரி, மார்ச்சில் பார்ப்போம்” என்றார்.

மகள் விஷயம். அதற்கு முன்னால் இன்னொரு திட்டு பாக்கி இருக்கிறது. இரண்டே கோப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று. 2018 மார்ச்சில் நம் பெண்கள் அணி பிரிஸ்பேனை 27-க்கு 21 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியது. அன்றும் கேப்டன் ஆடவில்லை. கேட்டி பிரெனனுக்குத் தடை. எல்லி பிளாக்பர்ன் முன்னின்று நடத்தினார். எட்டு வயதுப் பெண் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு இதை எப்படி எண்ணாமல் விட்டீர்கள்? அவளுக்கு இதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அவள் மாறினால் மாறட்டும். எட்டு வயதில் அதற்கெல்லாம் பூட்டுப் போட முடியாது, போடவும் கூடாது. வகுப்பில் கேலியைத் தாங்குவது குழந்தைக்குச் சின்ன விஷயமும் இல்லை. ஆனால் ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று அவள் வகுப்பில் கேட்பதும் வீட்டில் கேட்பதும் ஒன்றில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பாவும் கேலி செய்கிறவர்களின் பக்கம் நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். முதலில் அவளைக் கூப்பிட்டு, நாம் தோற்றுவிட்டோம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

பெண்கள் ஆட்டங்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன, விட்டன் ஓவலிலேயே. நான் வழக்கமாக வேலி ஓரம்தான் நிற்பேன். பந்து கம்பத்தைத் தாண்டும்போது வரும் சத்தம் அங்கே கேட்கும். ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் வேலியோரம் நடந்து வந்து குழந்தைகளோடு பேசுவார்கள். அவளைக் கூட்டி வாருங்கள். மைதானத்தில் காற்று ஜாஸ்தி, அவளுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டி வாருங்கள். துண்டு என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

அன்புடன்