வெறும் பனி

அன்புள்ள ஐயா,

கனடாவில் வசிக்கிறேன். வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் ஸ்னோவும் பனி, காலையில் புல்லில் நிற்கும் துளியும் பனியா என்று என் மகள் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் துளிக்குத் தமிழில் தனிச்சொல்லே இல்லையா? நாமே ஒன்றை உருவாக்கினால் என்ன? 'பனி பெய்கிறது' என்பதும் அறிவியல்படி தவறுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு என் முத்தம். கேள்வி அவளுடையது. 'தனிச்சொல்லே இல்லையா' என்ற புலம்பல் உங்களுடையது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்னோ வெண்பனி, ஃபாக் மூடுபனி, ஃப்ராஸ்ட் உறைபனி. அடைமொழியோடு வருபவை எல்லாம் விருந்தாளிகள். வெறும் பனி என்றால் புல்லில் நிற்கும் துளிதான். வீட்டுக்காரனைப் பார்த்து உனக்கு வீடு இல்லையா என்கிறீர்கள்!

கன்னடத்தில் 'ஹனி' என்றால் துளி. மலையாளத்தில் 'பனி' காய்ச்சல். பங்கு பிரித்ததுபோல ஆளுக்கொன்று. நம் பழந்தமிழில் பனித்தலுக்கு இரண்டு பொருளும் உண்டு: கண் பனிக்கும், உடல் பனித்தால் நடுங்கும்.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் காவிரிப் பாசனம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்பார்கள். பிறகு உழவு இல்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராப்பனியும்தான் அதற்குச் சோறு. பங்குனியில் பிடுங்கவும் பனி வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்து, உளுந்து வயலிலேயே கொட்டிப்போகும். நாலரைக்கே அம்மா எழுப்பிவிடுவாள். செடியில் கை வைத்ததும் முழங்கை வரை நனையும், பல் கிட்டும். சாயங்காலம் சரசரவென்று முறுக்கிக்கொண்டு நின்ற நெற்று, அந்நேரத்தில் நனைந்த தோல்போலத் துவண்டு கிடக்கும். சத்தமே வராது.

பெய்வதா, ஆவி குளிர்ந்து ஒட்டுவதா என்ற பாடம் வேண்டாம். வானம் மூடியிருந்த இரவுக்கு மறுநாள் அம்மா எங்களை எழுப்பவே மாட்டாள். பனி இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஏழு மணி தாண்டி எங்கோ ஒரு நெற்று 'டப்' என்னும். அம்மா நிமிர்ந்து முந்தானையை உதறுவாள். "பனி போயிட்டுடா, கரையேறு."

புதுச் சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். வேண்டாம்.