நூறு வரைக்கும் சொல்றான், அஞ்சு எடுத்துக் கொடுன்னா முழிக்கிறான்!

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவான், வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பாராட்டுவாங்க. ஆனா துணி காயப்போடும்போது "அஞ்சு கிளிப் குடுடா"ன்னு கேட்டா ஒரு கை அள்ளிக் குடுக்கிறான். எண்ணச் சொன்னா ஒரே கிளிப்பை ரெண்டு தடவை எண்றான். எண்ணி முடிச்சதும் "அப்ப எத்தனை இருக்கு?"ன்னு கேட்டா திரும்பவும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கிறான். ஸ்கூல்ல குடுக்குற ஒர்க்‌ஷீட்டை எடுத்தாலே அழுகைதான். நாத்தனார் பொண்ணுக்கும் இதே வயசு, அவ கூட்டலே போடறா. எனக்கு சின்ன வயசுலேர்ந்து கணக்குன்னாலே பயம். அது இவனுக்கும் வந்துடுச்சோ? - ஒரு வாசகி

பதில்: பயப்படாதீங்கம்மா. நீங்க எழுதியிருக்கிறதை வச்சுப் பார்த்தா உங்க பையன் அவன் வயசுக்கு சரியாத்தான் இருக்கான். அதுமட்டுமில்ல, நீங்க கிளிப் கேட்டுப் பார்த்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல கேள்வி, நூறு வரைக்கும் சொல்லச் சொல்றதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

நூறு வரைக்கும் சொல்றது ஒரு பாட்டை மனப்பாடமா பாடுற மாதிரி. அந்தப் பாட்டும் வேணும், வேணாம்னு நான் சொல்லல. ஆனா அஞ்சுங்கிறது ஒரு அளவு, கடைசியா சொன்ன எண்தான் மொத்தம், இந்தப் புரிதல் தனியா, மெதுவா வர்ற விஷயம். கேரன் வின்ங்கிற உளவியல் ஆய்வாளர் 1990ல இதே கேள்வியத்தான் சின்னப் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பார்த்தாங்க, ஒரு பொம்மைக் குவியலை வச்சு "எனக்கு மூணு குடு"ன்னு. அதுல என்ன தெரிஞ்சதுன்னா பிள்ளைங்க முதல்ல "ஒண்ணு"ங்கிறதை மட்டும் சரியா எடுத்துக் குடுக்கிறாங்க, மத்த எந்த எண் கேட்டாலும் கைக்கு வந்ததை அள்ளிடுறாங்க. அப்புறம் சில மாசம் கழிச்சு ரெண்டு, அப்புறம் மூணு, இப்படி ஒவ்வொண்ணா புரியுது. மூணு நாலு வந்ததுக்கப்புறம் திடீர்னு ஒரு நாள் எண்ணுறதோட சூட்சுமமே பிடிபட்டுடும், அதுக்கப்புறம் ஏழு கேட்டாலும் பத்து கேட்டாலும் எண்ணி எடுத்துக் குடுப்பாங்க. இதுக்கெல்லாம் ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். இதுல ஒரு பிள்ளை முன்ன போகும், ஒண்ணு பின்ன வரும், அதனால நாத்தனார் பொண்ணை இதுல இழுக்காதீங்க, அந்தக் குழந்தைக்கும் அது நல்லதில்ல.

சரி, வீட்டுல என்ன செய்யலாம்? முதல்ல அவன் எந்த எண்ல நிக்கிறான்னு கண்டுபிடிங்க. விளையாட்டுப் போக்குல ஒரு கிளிப் கேளுங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. எங்க அள்ள ஆரம்பிக்கிறானோ அதுக்கு முந்தின எண்தான் அவனுக்கு உறுதியாத் தெரிஞ்ச எண். இப்ப மூணு வரைக்கும் சரியா குடுக்கிறான்னு வைங்க, உங்க வேலை மூணுலயும் நாலுலயும்தான், இருபது முப்பது பக்கமெல்லாம் இப்ப போகவே வேணாம்.

கண்ணு முன்னாடி இருக்கிற பொருளுக்கு எண்ணைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லுங்க. "ஸ்பூன் எடுத்துட்டு வா"ன்னு சொல்ற இடத்துல "நாலு ஸ்பூன் எடுத்துட்டு வா, நாம நாலு பேர்"னு சொல்லுங்க. முதல்ல மொத்தத்தைச் சொல்லிட்டு அப்புறம் எண்ணுங்க, "இங்க நாலு பட்டன் இருக்கு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு"ன்னு சொல்லி முடிச்சதும் எல்லாத்தையும் கையால ஒண்ணா வளைச்சுக் காட்டி "நாலு பட்டன்"னு இன்னொரு தடவை சொல்லுங்க. எத்தனைன்னு கேட்டா மறுபடி எண்ண ஆரம்பிக்கிறான்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு இதுதான் வழி. எண்ணுறதோட முடிவு ஒரு பதில்னு அவனுக்கு இன்னும் தெரியல, எண்ணுறதுன்னா அந்த வார்த்தைகளைச் சொல்றதுதான்னு நினைச்சுட்டு இருக்கான், அவ்வளவுதான்.

ஒரே பொருளை ரெண்டு தடவை எண்றதுக்கு சுலபமான வழி இருக்கு, விரலால தொட்டு எண்ண விடாதீங்க, எடுத்து நகர்த்த விடுங்க. ஒரு தட்டுலேர்ந்து இன்னொரு தட்டுக்கு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே எண்ணினா எண்ணினது எது எண்ணாதது எதுன்னு அவனுக்கே தெரிஞ்சுடும். தப்பா வந்தா "தப்பு"ன்னு சொல்லாம "வா, சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்"னு சொல்லுங்க. விரல் விட்டு எண்ணினா கையைத் தட்டி விடாதீங்க, நிறையப் பெரியவங்க இதைச் செய்றாங்க, எனக்கு இது மனசுக்குக் கஷ்டமா இருக்கும். இந்த வயசுல விரல்தான் அவனோட முதல் கருவி, அதை அவன் தாராளமா யூஸ் பண்ணட்டும்.

இன்னொரு விளையாட்டு சொல்றேன், இது நிஜமாவே வேலை செய்யுது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2008ல நாலு அஞ்சு வயசுப் பிள்ளைங்களை வச்சு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் வரிசையா கட்டம் போட்ட ஒரு போர்டு கேம் ஆட விட்டாங்க, ரெண்டு வாரத்துல நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம்தான். அதுக்கே அந்தப் பிள்ளைங்களுக்கு எண்களோட அளவு நல்லாப் பிடிபட்டுச்சு. அதே விளையாட்டை எண்ணுக்குப் பதிலா வெறும் கலர் கட்டத்துல ஆடின பிள்ளைங்களுக்கு அந்த முன்னேற்றம் வரல. நீங்க ஒரு நீள அட்டைல இடமிருந்து வலமா பத்து கட்டம் ஒரே அளவுல போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்க, ஒரு காசோட ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் ரெண்டு புள்ளி ஒட்டிடுங்க, அதைச் சுண்டி விட்டு ஆடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிங்க. அவன் மூணாம் கட்டத்துல இருந்து ரெண்டு விழுந்தா "ஒண்ணு, ரெண்டு"ன்னு நகர்த்தக் கூடாது, "நாலு, அஞ்சு"ன்னு கட்டத்துல இருக்கிற எண்ணைச் சொல்லித்தான் நகர்த்தணும், விஷயமே அதுலதான் இருக்கு. வீட்டுல கைக்குழந்தை இருந்தா காசு, பட்டன் எல்லாத்தையும் ஆட்டம் முடிஞ்சதும் எடுத்து வச்சிடுங்க.

இது தவிர எது நீளம், எது கனம், சாக்ஸை ஜோடி சேர்க்கிறது, சிவப்பு நீலம் சிவப்பு நீலம்னு அடுக்குறது, பிளாக்ஸ் கட்டுறது, எல்லாமே கணக்குதான். இதுக்குன்னு தனி நேரம் ஒதுக்கணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் பார்த்து மிரளாதீங்க. ஆறு பட்டனை நெருக்கமா ஒரு வரிசை, இன்னொரு ஆறை அகலமா ஒரு வரிசை வச்சா அகலமா இருக்கிறதுதான் நிறையன்னு சொல்லுவான், எண்ணிக் காட்டினாலும் சொல்லுவான். ஆறேழு வயசு வாக்குல அது தானா சரியாகும்.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். கணக்கு பயம் ரத்தத்துல வந்து ஒட்டிக்கும்னு நினைக்காதீங்க, ஆனா பேச்சு வழியா, முகம் வழியா போகும். 2015ல அமெரிக்காவுல ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு வந்த ஆய்வுல, கணக்கு பயம் இருக்கிற பெத்தவங்க அடிக்கடி ஹோம்வொர்க்ல உட்கார்ந்து உதவி பண்ணின வீடுகள்ல பிள்ளைங்க அந்த வருஷம் கணக்குல கம்மியாத்தான் கத்துக்கிட்டாங்க, பயமும் கூடியிருந்துச்சு. அதுக்காக ஒதுங்கிடாதீங்க. அவன் முன்னாடி "எனக்கு கணக்கே வராதுப்பா"ன்னு சொல்றதை மட்டும் இன்னியோட நிறுத்துங்க. கிளிப் எண்றதுலயும் காசு சுண்டுறதுலயும் உங்களுக்குப் பயப்பட எதுவும் இல்ல, அதனால நீங்க தாராளமா அவனோட ஆடலாம்.

இப்படி ஆடிப் பார்த்தும் அஞ்சரை ஆறு வயசுல மூணு எடுத்துக் குடுக்க முடியலன்னா, இல்ல பேச்சு, சொன்னதைப் புரிஞ்சுக்கிறது இதுலயும் பின்தங்கினா, குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. இப்ப அதுக்கு அவசியம் இல்ல.

ஒர்க்‌ஷீட் விஷயத்துல டீச்சர்கிட்ட நேராப் பேசிடுங்க. வீட்டுல பொருளை வச்சு எண்ணிப் பழகுறோம், எழுதுற வேலையைக் கொஞ்ச நாள் பாதியாக் குறைச்சுக்கலாமான்னு கேளுங்க, அஞ்சு கேட்டா அள்ளிக் குடுக்கிறதையும் சொல்லுங்க, கிளாஸ்ல அவனுக்கு எங்க உதவி வேணும்னு அவங்களுக்கும் தெரியும். மறுத்துட்டாங்கன்னா ஷீட்ல இருக்கிற படத்து மேல பட்டனை வச்சு எண்ணட்டும், பதிலை அவன் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க, அழ ஆரம்பிச்சா அன்னிக்கு அதோட மூடி வச்சிடுங்க.