வாட்-மணிக் கணக்கு: மின்சாரம் எட்டாத இடங்களில் கேமரா பேட்டரி

பனிமலைக்கும் காட்டுக்கும் புறப்படும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் பற்றிய கேள்விகள் அடுத்த முறை.

ஜூன் மாதம் பத்து நாள் பயணமாக லடாக் செல்கிறோம். என் கேமரா பேட்டரி 2,280 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது. என்னிடம் 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க் இருக்கிறது. எட்டு முறையாவது சார்ஜ் ஏறும் என்று கணக்கிட்டிருக்கிறேன். உபரி பேட்டரி வாங்காமல் போகலாமா? – கோவை வாசகர்

போக வேண்டாம். நீங்கள் வகுத்த விதத்தில் தவறில்லை. ஆனால் வகுத்த இரண்டு எண்களும் ஒரே அளவையைச் சேர்ந்தவை அல்ல. உழக்கால் அளந்ததைப் படியால் அளந்ததோடு ஒப்பிடுவதைப் போன்றது இது. பவர்பேங்கின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 20,000 என்ற எண், அதன் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கு உரியது; உங்கள் கேமரா பேட்டரியோ 7.2 வோல்ட் கொண்டது. இரண்டையும் வாட்-மணியாக மாற்றினால்தான் உண்மை தெரியும். ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அப்படிப் பார்த்தால் பவர்பேங்க் 74 வாட்-மணி, கேமரா பேட்டரி ஏறத்தாழ 16.4 வாட்-மணி. வகுத்தால் நாலரைதான் வருகிறது. அதிலும் மின்னழுத்தத்தை மாற்றும்போதும், கேபிளிலும், சார்ஜரிலும் வெப்பமாகப் போவதைக் கழித்தால், நூற்றுக்கு எழுபது பங்கு பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்தாலே நல்ல கணக்கு. ஆகவே மூன்று முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியும் அதே பவர்பேங்கை நம்பியிருந்தால் இரண்டு.

அடுத்து, பத்து நாள் பயணம் என்பதற்காகப் பத்து நாளுக்கான மின்சாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, ஒரு நம்பகமான பிளக் பாயின்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள மிக நீண்ட இடைவெளி எத்தனை நாள் என்பதைத்தான். லே நகரிலும் நுப்ராவின் திஸ்கித்திலும் இரவு முழுவதும் சார்ஜ் செய்ய வாய்ப்புண்டு. பாங்கோங் ஏரிக்கரைக் கூடாரங்களில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. அங்கிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லேக்கு விண்மீன்களைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்றால், மூன்று நாள் இடைவெளி என்று கொள்வது பாதுகாப்பு. பகலில் நிலக்காட்சிக்கு ஒரு பேட்டரி, இரவில் நீண்ட நேர எக்ஸ்போஷருக்கு ஒன்று என்றால் மூன்று நாளைக்கு ஆறு. கேமராவில் ஒன்று, கையில் மூன்று, மீதி இரண்டுக்குப் பவர்பேங்க் என்பது என் பரிந்துரை.

ஒரு பேட்டரிக்கு இத்தனை படம் என்று நிறுவனங்கள் தரும் எண்ணிக்கை கேமராக்களை ஒப்பிடுவதற்குத்தான் பயன்படும். நிக்கான் டி850 போன்ற கண்ணாடி வைத்த கேமராவுக்கு அது 1,840. சோனி ஏ7 III போன்ற மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மின்னணு வியூஃபைண்டர் வழியே 610. மிரர்லெஸ் கேமராவில் ஷட்டரை அழுத்தாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்கும் மின்சாரம் செலவாகிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். புலிக்காகவோ பனிச்சிறுத்தைக்காகவோ காத்திருக்கும்போது கேமராவை அணைத்துவிட்டு பைனாகுலரில் பாருங்கள். புளூடூத், வைஃபை, இடங்குறிக்கும் வசதி மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

பிப்ரவரியில் இமாச்சலத்தின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அறுபது விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று அணைந்துவிட்டது. அறைக்குத் திரும்பியதும் அதே பேட்டரி மறுபடியும் வேலை செய்தது. பேட்டரி பழுதா? – மதுரை வாசகர்

பழுதில்லை, குளிர். கிப்பர் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாதத்தில் இரவு வெப்பநிலை மைனஸ் இருபதைத் தொடுவது அங்கே வழக்கம். லித்தியம்-அயான் பேட்டரிக்குள் அயனிகள் நகர்வதற்கு இருக்கும் திரவம் குளிரில் தடித்துப்போவதால் உள்தடை கூடுகிறது. ஆட்டோஃபோகஸ் மோட்டார் ஓடும்போதோ தொடர்ச்சியாகப் படமெடுக்கும்போதோ கேமரா சட்டென்று அதிக மின்சாரம் கேட்கிறது. அந்த நொடியில் மின்னழுத்தம் கீழே இறங்க, பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதிக் கேமரா தன்னை அணைத்துக்கொள்கிறது. மின்சாரம் உள்ளேயேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. சூடு திரும்பினால் அதுவும் திரும்பும்.

ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் உங்கள் உடம்பு. உள்சட்டையின் மார்புப் பையில் இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டு, கேமராவில் உள்ளது சோர்ந்ததும் மாற்றி, சோர்ந்ததை மார்புப் பைக்கு அனுப்புங்கள். அரை மணி நேரம் கழித்து அதுவே இன்னும் சில நூறு படங்கள் தரக்கூடும். சாவி, சில்லறைக் காசு ஆகியவற்றுடன் ஒரே பையில் போடாதீர்கள். முனைகளை உலோகம் இணைத்துவிட்டால் தீப்பிடிக்கக்கூடும். பிளாஸ்டிக் மூடி தொலைந்திருந்தால் ஒரு துண்டு டேப் போதும். இரவில் பேட்டரிகளும் பவர்பேங்கும் உங்களுடன் படுக்கைப் பைக்குள் உறங்கட்டும். முதல் பனிக்காலப் பயணத்தில் நான் பவர்பேங்கை மட்டும் மறந்து கூடாரத்தின் மூலையில் விட்டுவிட்டேன். காலையில் அது ஒரு செங்கலாகத்தான் இருந்தது.

கையைச் சூடாக்க விற்கும் பொட்டலங்களைப் பேட்டரியோடு சேர்த்துக் கட்டலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அவற்றிலுள்ள இரும்புத்தூள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடு தருகிறது. காற்று மெலிந்த உயரத்தில் அந்தச் சூடு குறையும். துணியால் பிரித்து வைத்தால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளிரில் பேட்டரியைப் பயன்படுத்துவதால் நிரந்தரத் தீங்கு இல்லை. குளிரில் சார்ஜ் செய்வதால் உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம், பேட்டரியின் ஒரு முனையாக உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகிறது. அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி பயனுக்குத் திரும்பாது. உள்ளே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் அபாயமும் கூடுகிறது. உறைந்த அறையின் சன்னல் திட்டில் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பேட்டரியை உள்ளங்கையில் வைத்துச் சில்லென்று தெரியாத அளவுக்கு வந்த பிறகு மாட்டுங்கள்.

20 வாட் மடக்கு சோலார் பேனல் வாங்கினேன். பையின் முதுகில் தொங்கவிட்டு நாள் முழுவதும் நடந்தும் கேமரா பேட்டரி பாதிகூட ஏறவில்லை. ஏமாற்றப்பட்டேனா? – திருச்சி வாசகர்

பேனல் ஏமாற்றியிருக்காது, தொங்கவிட்ட இடம் ஏமாற்றியிருக்கிறது. பேனலின் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேர்க்குத்தாக விழ, பேனலின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும் சோதனை நிலையில் கணக்கிடப்படுவது. நடக்கும்போது பேனல் பாதி நேரம் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். மீதி நேரம் மரமோ உங்கள் தலையோ நிழல் தரும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் பையின் ஒரு வாரின் நிழல் குறுக்கே விழுந்தால்கூட மொத்த உற்பத்தியும் சரிந்துவிடக்கூடும். நடந்துகொண்டே சார்ஜ் செய்வது விளம்பரப் படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

முகாமில் ஓய்வெடுக்கும் நாளில் பேனலைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்து, மணிக்கு ஒருமுறை திருப்பிவைத்தால், 20 வாட்டில் 12 வாட் அளவுக்குக் கிடைக்கும் என்று கொள்ளலாம். ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு 60 வாட்-மணி. ஆனால் உங்கள் பவர்பேங்க் 5 வோல்ட், 2 ஆம்பியருக்கு மேல் உள்வாங்காத பழைய வகையாக இருந்தால் 10 வாட்டுக்கு மேல் அதற்குள் போகாது. பேனல் எவ்வளவு பெரிதானாலும் புனலின் வாய் சிறிதுதான்.

பேனலை நேரடியாகக் கேமராவிலோ பேட்டரி சார்ஜரிலோ மாட்ட வேண்டாம். ஒரு மேகம் கடந்தால் மின்சாரம் அறுபடும். வெயில் திரும்பிய பிறகும் சில சார்ஜர்கள் தாமாகத் தொடங்குவதில்லை. பகலில் பேனல் பவர்பேங்கை நிரப்பட்டும், இரவில் பவர்பேங்க் கேமராவை நிரப்பட்டும். பவர்பேங்கைப் பேனலின் பின்புற நிழலில் வையுங்கள், வெயிலில் அல்ல. சூடேறினால் சார்ஜ் ஏறுவதை அதுவே நிறுத்திக்கொள்ளும். லடாக்கின் பனிக்காலத்தில் நிலைமை தலைகீழ். தெளிந்த வானமும் குளிர்ந்த காற்றும் பேனலுக்கு உகந்தவை, பவர்பேங்குக்கோ உறைநிலை ஆகாது. அங்கே கேபிளை நீட்டி பவர்பேங்கை உங்கள் கோட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அகத்தியமலை போன்ற அடர்ந்த மழைக்காட்டுக்குச் சோலார் பேனலைச் சுமப்பது வீண். அதே எடைக்கு இன்னொரு பவர்பேங்க் எடுத்துச் செல்லுங்கள்.

மணாலியிலிருந்து லேவுக்குக் காரில் போகிறோம். இன்வெர்ட்டர் வாங்கலாமா? – சென்னை வாசகர்

கேமராவுக்காக மட்டுமென்றால் தேவையில்லை. காரின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட் மாறுமின்சாரமாக்க, அதைச் சார்ஜர் மறுபடியும் நேர்மின்சாரமாக்க, இரண்டு இடத்திலும் இழப்பு. சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் 45 வாட் பி.டி. (பவர் டெலிவரி என்ற, யு.எஸ்.பி. வழியே கூடுதல் மின்சாரம் தரும் முறை) வகைக் கார் சார்ஜரும், யு.எஸ்.பி.யில் இயங்கும் இரட்டைப் பேட்டரி சார்ஜரும் போதும். லேப்டாப்புக்கு வேறு வழியே இல்லையென்றால் வீட்டு மின்சாரத்தைப் போலச் சீரான அலை தரும் தூய சைன் அலை இன்வெர்ட்டராக வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். என்ஜினை அணைத்த பிறகும் அந்தத் துளைக்கு மின்சாரம் வரும் கார்கள் உண்டு. இரவெல்லாம் மாட்டி வைத்தால், குளிரில் ஏற்கெனவே பலம் குறைந்திருக்கும் கார் பேட்டரி காலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றாது. வழியில் உள்ள கூடார முகாமான சர்ச்சுவில் அதற்கு உதவ ஆள் தேடுவது கடினம். அதே சாலையில் உள்ள தண்டி பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை நெடுங்காலம் நின்றிருந்தது. அந்தப் பலகையைப் படித்த ஓட்டுநர் பெட்ரோலுக்குச் செய்த கணக்கை நீங்கள் வாட்-மணிக்குச் செய்ய வேண்டும்.

விமானத்தில் எத்தனை பேட்டரி கொண்டுபோகலாம்? – பல வாசகர்கள்

உபரி பேட்டரிகளும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்; சரக்கறைக்குப் போகும் பெட்டியில் கூடாது. அங்கே தீப்பிடித்தால் யாரும் எட்டி அணைக்க முடியாது என்பதே காரணம். ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை, எண்ணிக்கைக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்தின் வரம்பைப் பாருங்கள். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. அதற்கு மேல் இல்லை. 27,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர்பேங்க் ஏறத்தாழ 99.9 வாட்-மணி என்பதால் வரம்புக்குள் நிற்கும் பெரிய அளவு அதுதான். அளவை அச்சிட்ட எழுத்து தேய்ந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாதாடிப் பயனில்லை. விமானத்துக்குள் பவர்பேங்கைப் பயன்படுத்துவதற்கும் தடை பரவி வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் அதை நிறுத்திவிட்டது.

என் புதிய கேமரா யு.எஸ்.பி. வழியே சார்ஜ் ஆகும் என்றார்கள். பழைய கேமராவின் பேட்டரியை அதில் போட்டால் வேலை செய்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. – யாழ்ப்பாண வாசகர்

உருவம் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை வேறு. கேனன் ஆர்5, ஆர்6 கேமராக்களில் எல்.பி.-ஈ6என், எல்.பி.-ஈ6என்.எச். ஆகிய பேட்டரிகள் உள்ளேயே சார்ஜ் ஏறும், பழைய எல்.பி.-ஈ6 ஏறாது. நிக்கான் இசட்6இல் ஈ.என்.-ஈ.எல்.15பி ஏறும், வெறும் 15உம் 15ஏயும் ஏறா. பழையவற்றுக்குத் தனிச் சார்ஜரை எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி சரியானதாக இருந்தும் ஏறவில்லையென்றால், பவர்பேங்கிலும் கேபிளிலும் பி.டி. வசதி உண்டா என்று பாருங்கள். மேற்சொன்ன கேனன் கேமராக்கள் அது இல்லாமல் சார்ஜ் ஆவதில்லை. புறப்படும் முன்பு வீட்டிலேயே, கொண்டுபோகப்போகும் அதே கேபிள், அதே பவர்பேங்கோடு ஒருமுறை முழுமையாகச் சார்ஜ் செய்து பார்த்துவிடுங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் வழியில் சார்ஜ் செய்யக் காசு கேட்பார்களாமே? – சேலம் வாசகர்

கேட்பார்கள், மேலே போகப் போகக் கூடுதலாக. அந்த மின்சாரமும் சோலாரிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வருவது. அதற்கான எரிபொருளை யாரோ முதுகிலோ, யாக் மேலோ ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பேரம் பேசாதீர்கள். வழியின் கீழ்ப்பகுதியில் உள்ள நாம்சேயில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு ஏறினால், முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்ஷெப்பில் கைப்பேசிக்கு மட்டும் கொடுத்தால் போதும். சிறிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கைவசம் இருந்தால், ஒரே பிளக் பாயின்ட்டுக்கு நிற்கும் வரிசையில் உங்களுக்கும் நண்பர்கள் கிடைப்பார்கள்.

பயணம் முடிந்து திரும்பியதும் பேட்டரிகளை முழுதாக நிரப்பி வைக்கலாமா? – நெல்லை வாசகர்

அடுத்த வாரமே பயன்படுத்துவதாக இருந்தால் நிரப்புங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் என்றால் பாதியளவில் நிறுத்தி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள். உப்பியிருக்கும் பேட்டரி எதுவாக இருந்தாலும் மறுபடியும் சார்ஜ் செய்யாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்; வீட்டுக் குப்பையோடு போட வேண்டாம்.